மடிப்பில் வெட்டிய முகம்

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து விடாத தூறல். பிற்பகலிலும் விளக்கு தேவைப்பட்ட மந்தாரம்.

தம்பியின் இடது புருவத்தில் மட்டுமே பழைய தழும்பு உண்டு. ஆயினும் கணினித் திரையில் அக்கா செதுக்கிய அவன் முகத்தின் இரு புருவங்களிலும் அது இருந்தது. துணியை இரண்டாக மடித்து, ஒரே வெட்டில் சட்டையின் இரு கைகளையும் எடுத்துப் பழகிய தையற்காரி அவள். ஒருபுறம் செய்வதை மறுபுறமும் செய்யும் கண்ணாடி வசதியை அணைக்க மறந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த முப்பரிமாண உருவமைப்பு வகுப்பின் முதல் பாடம் சொன்னபடி, ஒவ்வொரு படியையும் உடனுக்குடன் சேமித்தும் வந்தாள். சேமித்ததைத் திரும்பப் பெற வழியில்லாத மலிவான மென்பொருள் அது.

அடுத்த அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த தம்பி குரல் கொடுத்தான்.

"அக்கா, என் மூஞ்சிய தச்சு முடிச்சாச்சா? காஜா எடுக்க மறந்துடாத." பிறகு மெதுவாக, "புருவத்துல என்னமோ ஈரமா வழியுதுக்கா."

ஓடிப்போய்ப் பார்த்தாள். தழும்பே இல்லாத அவன் வலது புருவம் பிளந்திருந்தது. தலையணை உறை கருஞ்சிவப்பாகி, அறை முழுவதும் துருப்பிடித்த இரும்பின் வாடை அடித்தது. துணியை மடித்துக் கட்டிவிட்டுத் திரைக்கு ஓடினாள். கண்ணாடி வசதியை அணைத்தாள். வெட்டை நிரப்பக் கருவியை நகர்த்தினாள். நிரப்பும் கருவியன்று, செதுக்கும் கருவி. கோடு இமையைக் கடந்து கன்னம்வரை இறங்கியது. பழகிய விரல் அதையும் சேமித்தது.

அடுத்த அறையில் தம்பி அலறினான்.

பயிற்சி ஆசிரியையை அலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், ஒரு பக்கம் கெட்டுப்போச்சு. இன்னொரு பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"அட, இதுக்கா அழறீங்க? புதுசா கத்துக்கிற எல்லாரும் பண்றதுதான். கெட்ட பாதிய அழிங்க. நல்ல பாதியப் புரட்டி ஒட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை. சேமிக்க மறந்துடாதீங்க."

வலது பாதியைத் தேர்ந்தெடுத்தாள். அழித்தாள்.

அலறல் நின்றது.

சேமித்தாள். புரட்டும் பொத்தானை நோக்கி அம்புக்குறியை நகர்த்தினாள்.

மின்சாரம் போயிற்று.

திரை கறுத்தது. மின்விசிறி கிறீச்சிட்டு ஓய்ந்தது. தூறலின் ஒலி மட்டும். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். கதவைத் தள்ளினாள்.

தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். நெற்றி முதல் மோவாய் வரை, மடிப்பில் கத்தரித்ததுபோல் ஒரே நேர்கோடு. அதற்கப்பால் முகம் இல்லை. கோட்டுக்குப் பின்னால் எலும்பும் இல்லை, சதையும் இல்லை. திரையில் அவள் செய்த உருவத்தைப் போலவே காகிதக் கனமுள்ள தோல், உள்ளே வெறும் கூடு. மிஞ்சிய ஒற்றைக் கண் அவளைக் கண்டு இமைத்தது. பாதி வாய் திறந்தது.

"அக்..."

மின்சாரத்தில் ஓடி, அதோடு நின்றுபோன சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று பதினேழு.