இரண்டாம் மாடிக் கூடை

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லச் சொல்றாங்க," என்றபடி லிட்யா ஸலீபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு காய்ச்சலும் இல்ல."

பகல் பதினொன்றரை மணி. தீவின் தலைநகரான வலெட்டாவின் அந்தக் காபிக்கடையில் அவளுக்கு எதிரே இருந்த ஷெர்ரி, துறைமுகப் போலீசில் முப்பது வருடம் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த பஃப்ஸைத் தட்டில் வைத்தார். அவர் மனைவி டோரிஸ் தன்னுடையதை வைக்கவில்லை. மென்றபடியே நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

"மொதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் ஷெர்ரி.

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவள் லிட்யா. அன்று மாலை நான்கு மணிக்குக் கடல் வரலாற்று மாநாட்டில் அவள் பேச வேண்டும். கோட்டைச் சுவருக்குக் கீழே உள்ள படித்துறை படகுக்காரர்களுக்கே என்றென்றைக்கும் உரியது என்று எழுதி, மெழுகு முத்திரை வைத்த பழைய பத்திரம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அந்தப் படித்துறையில் ஒரு ஹோட்டல் கேட் போடப்போகிறது. அவள் அப்பாவின் படகு அங்கேதான் நிற்கிறது.

"தகரக் குழாய்ல சுருட்டி ஒம்பது மணிக்கு ரெண்டாம் மாடியில, பேச வர்றவங்க ரூம்ல வெச்சேன். பத்தேகாலுக்குப் போனா இல்ல. நடுவுல அங்க போனவங்க ரெண்டே பேர். மாநாட்டை நடத்துற ஆர்துரோ, அப்புறம் டென்மார்க்லேர்ந்து வந்திருக்கிற பேராசிரியர் ஹென்னிங்."

"ரெண்டு பேருக்கும் அது ஆகாதா?" என்றாள் டோரிஸ் ஆவலாக.

"ஆர்துரோவோட மச்சான்தான் ஹோட்டலுக்கு வக்கீல். அந்தத் துறை கோட்டைக்குச் சொந்தம்னு இருவது வருஷம் முன்னாடி புத்தகம் எழுதினவர் ஹென்னிங். அதைக் காட்டித்தான் ஹோட்டல்காரன் அனுமதியே வாங்கினான்."

"போட்டோ எடுத்து வெச்சிருக்கியா?"

"இருக்கு. முத்திரை இல்லாம யார் நம்புவா? நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாங்க. 'உடம்பு சரியில்லன்னு சொல்லிடு, மானமாவது மிஞ்சும்'ங்கிறார் ஆர்துரோ." அவள் மேசையில் தட்டினாள். "நான் மேடை ஏறுவேன், சார்ஜென்ட். வெறுங்கையோட ஏறணும்னாலும் ஏறுவேன்."

"ஏறு," என்றார் ஷெர்ரி. "கையில ஏதாவது இருக்குமான்னு பார்க்கலாம்."

மாநாட்டு மாளிகையின் வாசலில் காவலாளி ஜிஜி மார்பை நிமிர்த்திக்கொண்டான். "என் கண்ணைத் தாண்டி ஊசிகூட வெளிய போகாது. எல்லார் பையையும் திறந்து பார்த்துத்தான் விடுறேன்."

"பத்து மணி வாக்குல யார் வெளிய போனா?"

"ரெண்டு பேருமே போனாங்க. ஆர்துரோ காபிக்கு. பேராசிரியர் காத்து வாங்கணும்னு வெறுங்கையை வீசிட்டுப் போனார். காத்து வாங்கப் போனவர் அஞ்சாறு நிமிஷத்துல மூச்சு வாங்கிட்டு வந்தார். படியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தாவி மேல ஓடினார்."

இரண்டாம் மாடி அறையின் மரப் பால்கனி பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்திருந்தது. அதன் மூலையில் கயிறு கட்டிய ஒரு கூடை. கூடைக்குள் ஒரு முழு ரொட்டி. டோரிஸ் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள்.

"இன்னிக்குச் சுட்டது."

"கூடை கார்மெனாவோடது. இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கிறவ, பக்கத்து ரூம்ல இருக்கா," என்றாள் லிட்யா. "அவ வாங்கியிருப்பா."

"எங்க? அவ முட்டி வலின்னு நேத்து சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு," என்றான் கூடவே மேலே வந்திருந்த ஜிஜி.

ஷெர்ரி கயிற்றின் மறுமுனையைப் பார்த்தார். பால்கனிக் கம்பியில் அது மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதை மாட்டுவதற்கென்றே கார்மெனா அடித்து வைத்திருந்த இரும்புக் கொக்கி காலியாக இருந்தது.

"பௌலுவோட ரொட்டி வண்டி இங்க எப்ப வரும்?"

ஜிஜி சிரித்துவிட்டான். "இன்னிக்கு எல்லாருக்கும் ரொட்டி மேலயே கண்ணு! பேராசிரியரும் கேட்டார், வண்டி மறுபடி எப்ப வரும்னு. தினமும் பத்து மணிக்கு ஒரு தடவைதான், சார்ஜென்ட்."

ஷெர்ரி மனைவியின் காதில் ஏதோ சொன்னார். டோரிஸ் அந்த ரொட்டியை ஏக்கமாகப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

மூன்றரை மணிக்கு அதே அறையில் ஆர்துரோ, ஹென்னிங், லிட்யா, ஜிஜி நால்வரும் கூடியிருந்தார்கள். ஷெர்ரி கூடையை மேசை மேல் வைத்தார்.

"வாசல்ல சோதனை இருந்ததால குழாய் வாசல் வழியாப் போகல. கூடையில இறங்கிப் போயிருக்கு. இறக்கினவர் கயித்தைக் கட்டிட்டு, கீழ போய் எடுத்துக்கலாம்னு நெனச்சார். அவர் சந்துக்குச் சுத்திப் போறதுக்குள்ள பௌலு வண்டி வந்துடுச்சு."

"வந்தா என்ன?" என்றார் ஹென்னிங்.

"பார்த்தீங்களா, உங்களுக்குத் தெரியல. ஆர்துரோ, நீ சொல்லு."

ஆர்துரோ முதல்முறையாகச் சிரித்தார். "நான் இதே சந்துல மூணாவது வீட்டுல பொறந்தவன். பத்து மணிக்குக் கூடை இறங்கினா ரொட்டி ஏறும். பௌலு எதுவும் கேட்கவே மாட்டான்."

"அதனாலதான் நீ இல்லைங்கிறேன். பத்து மணிக்கு நீ கூடையை இறக்கியிருக்கவே மாட்ட. இவர் கீழ போனப்ப குழாய் இல்ல, ரொட்டிதான் இருந்தது. தொங்குற கயிறு யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு மேல ஓடி வந்து கூடையை இழுத்தார். ரொட்டியைத் தூக்கி எறியணும்னு தோணல."

"இது கற்பனை," என்றார் ஹென்னிங்.

கதவு திறந்தது. மாவு படிந்த சட்டையோடு பௌலு உள்ளே வந்தான். ஹென்னிங்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, இவர்தான்! வண்டி பின்னாடி கத்திட்டே ஓடி வந்தார். பாவம், பசி போலன்னு நெனச்சேன். ரொட்டி தீர்ந்துடுச்சுன்னு கையை ஆட்டிட்டுப் போயிட்டேன்."

"கூடையில இருந்த குழாயை என்ன பண்ணே?" என்றார் ஷெர்ரி.

"கார்மெனா அக்கா எது வெச்சாலும் அடுத்த தெருவுல இருக்கிற தங்கச்சி இமெல்டாவுக்குத்தான். வாரத்துல நாலு நாள் நான்தானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்? குடுத்துட்டேன்."

அவன் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றாள் டோரிஸ். கையில் தகரக் குழாய். "அந்த இமெல்டா என்னைப் புடிச்சு உலுக்கிட்டா! 'மக்ரோனி அனுப்புவான்னு பார்த்தா காகிதம் அனுப்பியிருக்கா, அவளுக்கு முட்டியில நோவா, தலையில நோவா'ங்கிறா."

ஹென்னிங் மெல்ல உட்கார்ந்தார். "நான் அதைக் கிழிச்சிருக்க மாட்டேன். இந்தக் கூட்டம் முடியட்டும்னுதான்... இருவது வருஷ உழைப்பு அந்தப் புத்தகம்."

"எங்க தெருவுக்கு அந்தத் துறை இருநூத்தம்பது வருஷ உழைப்பு," என்றாள் லிட்யா. குழாயைத் திறந்தாள். மெழுகு முத்திரை உடையாமல் இருந்தது. "போலீசுக்குப் போறதா இல்லையான்னு அப்புறம் பார்த்துக்கறேன். இப்ப நீங்க முன் வரிசையில வந்து உட்காருங்க. கேள்வி இருந்தா எழுந்து நின்னு கேளுங்க."

ஆர்துரோ தொண்டையைக் கனைத்தார். "லிட்யா, அந்தக் காய்ச்சல்னு சொன்னது..."

"உங்க மச்சானுக்கு வரப்போகுது. போய்ப் பார்த்துக்குங்க."

அவள் மேடை ஏறியபோது அரங்கின் கடைசி வரிசையில் படகுக்காரர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் அவள் அப்பா. கோட்டையில் தினமும் வெடிக்கும் நான்கு மணிப் பீரங்கி முழங்கி ஜன்னல்கள் அதிர்ந்தன. வெளியூர்க்காரர்கள் நாற்காலியில் துள்ளினார்கள். லிட்யா அசையவில்லை.

"என் பேர் லிட்யா ஸலீபா," என்றாள், பத்திரத்தை உயர்த்திப் பிடித்தபடி. "என் அப்பாவோட படகு அந்தப் படித்துறையிலதான் கட்டியிருக்கு. திங்கக்கிழமையும் அங்கதான் கட்டியிருக்கும்."