ஈரக்குழிச் சோலையிலிருந்து ஒரு புட்டி

"ஐஸ் பெட்டி வேண்டாம்னா அப்புறம் எதுல வச்சுக் கொண்டு வர்றது டாக்டர்?"

"உன் வயித்துல."

"கிண்டலா?"

"வயித்து மேல வச்சுத் துணியால இறுக்கிக் கட்டிக்கோ. உள்ள இருக்கப் போறது உசுரு. குளிர்ந்தாலும் சாகும், காத்துப் பட்டாலும் சாகும். ஃபிளாஸ்க்குல சூடு ஏறி இறங்கும். உடம்புச் சூடுதான் ஒரே சீரா இருக்கும்."

"அப்ப உங்க வயித்துல கட்டிக்கிட்டு நீங்களே போகலாமே."

"எனக்குத்தான் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்குதே. அதுங்களை அவிச்சுல்ல கொண்டு வருவேன்" என்றபடி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார் கால்நடை மருத்துவர் இக்பால்.

விளிம்புவரை வெதுவெதுப்பான உப்புநீர் நிரப்பிய புட்டியை ஜெசிந்தா வாங்கிக்கொண்டாள். விலங்குக் காப்பகத்தில் கூண்டு கழுவுவதும் தழை போடுவதும்தான் அவள் வேலை. காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனதைச் சன்னல் வழியே பார்த்தவள். அந்த நாய் கத்தக்கூட இல்லை. அதுதான் இன்றுவரை அவள் கனவில் வருகிறது.

ஆனால் கூண்டுக்குள் கோகிலா படுத்திருந்தாள். கோகிலா ஒரு கருமந்தி, இலை தின்று வாழும் கருங்குரங்கு. வயிறு பறைபோல் உப்பியிருந்தது, விலா எலும்புகள் துருத்தி நின்றன. அவள் மாரில் செம்பட்டை நிறக் குட்டியொன்று பால் வராத காம்பை விடாமல் சப்பிக்கொண்டிருந்தது.

கோகிலாவின் கூட்டம் வாழ்ந்த காட்டை நடுவே பிளந்து சாலை போட்டிருந்தார்கள். மிச்சம் நின்றது சாலையோரத்துச் சிறு துண்டு. தின்ன இலை வகை குறைந்தது. வண்டிகளிலிருந்து வீசிய பன்னும் சிப்ஸும் சேர்ந்தன. இலையை நொதிக்க வைத்துச் சத்தாக்கும் நுண்ணுயிர்கள் கருமந்தியின் வயிற்றில் கூட்டம் கூட்டமாக வாழும். கோகிலாவின் கழிவைச் சோதித்த இக்பால், அவற்றில் பாதிக்குமேல் காணோம் என்றார்.

"காடு துண்டானப்பவே வயித்துக்குள்ள இருந்த காடும் போயிருச்சு. இப்ப நல்ல இலை போட்டாலும் செரிக்காது. வெட்டுப்படாத காட்டுக் கருமந்தியோட பீ வேணும், விழுந்த சூடு ஆறாம. ஈரக்குழிச் சோலையிலதான் அது கிடைக்கும். சாயந்தரத்துக்குள்ள வரணும், ஜெசி."

கோகிலா போனால் குட்டியும் போகும். ஜெசிந்தா புட்டியை வயிற்றில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

சோலையின் வாசலில் வனக்காவலர் நாச்சிமுத்து கறுப்புக் குடையோடு காத்திருந்தார்.

"புதையல் எடுக்கப் போறவங்களைப் பார்த்திருக்கறனுங்க. குரங்குப் பீ எடுக்கப் போறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்."

"சிரிக்காதீங்கண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னங்க அம்மிணி? சம்பளம் வாங்கிட்டுப் பயப்படறேன், அவ்வளவுதான்."

உள்ளே நுழைந்ததும் வெயில் அணைந்துபோனது. பாசி மூடிய மரங்களுக்கிடையே மூடுபனி நகர்ந்து வந்தது. அட்டைகள் இலை நுனிகளில் எழுந்து நின்று தலையை ஆட்டின. தன் காலடிச் சத்தத்துக்கே ஜெசிந்தா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒருமுறை அவள் நின்ற பிறகும் ஒரு காலடி கேட்டது. நாச்சிமுத்துவும் அதைக் கேட்டார். நடையை எட்டிப் போட்டார்.

பள்ளத்தில் ஒரு பெருமரம். அதன் உச்சியில் கருமந்திக் கூட்டம் தளிர் தின்றுகொண்டிருந்தது. இருவரும் அடியில் பிளாஸ்டிக் படுதாவை விரித்துவிட்டு, வேர்ப்புடைப்பின் பின்னால் பதுங்கினார்கள். நேரம் போனது. மேலிருந்து பழக்கொட்டை விழுந்தது, சுள்ளி விழுந்தது. வேண்டியது விழவில்லை.

"நம்மள மாதிரியே வீம்பு பிடிச்சதுங்க" என்று நாச்சிமுத்து முணுமுணுத்தார்.

அப்போது உச்சிக் கிளையிலிருந்த கடுவன் குரங்கு தொண்டை கிழியக் கத்தியது. கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பி உறைந்தது. நாச்சிமுத்து குடையை இறுக்கிப் பிடித்தார்.

படுதாவுக்கு அப்பால், பெரணிச் செடிகளுக்கு நடுவே, ஒரு சிறுத்தை உட்கார்ந்திருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. அண்ணாந்து குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொத் பொத்தென்று படுதாவில் ஏதோ விழுந்தது. பயத்தில் குரங்குகளுக்கு வயிறு கலங்கிவிட்டது. கரும்பச்சையாக, ஆவி பறக்க, அவர்கள் தேடி வந்த புதையல் சிறுத்தைக்கு முன்னால் கிடந்தது.

"வேண்டாம் அம்மிணி. அது போகட்டும்."

"அதுக்குள்ள ஆறிப்போயிருமேண்ணே."

"குனிஞ்சு எடுக்கணும். குனிஞ்ச ஆளு அதுக்கு ஆடு மாதிரி. நிமிர்ந்து நிக்கற வரைக்குந்தான் நாம மனுசங்க. நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

ஜெசிந்தாவுக்குக் கத்தாமல் போன அந்த நாய் நினைவுக்கு வந்தது. பால் வராத காம்பும் நினைவுக்கு வந்தது. எழுந்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. சிறுத்தை தலையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தது. மஞ்சள் கண்கள் இமைக்கவில்லை. படுதாவின் ஓரத்தில் நின்றாள். அதற்குமேல் குனிய உடம்பு மறுத்தது.

முதுகுக்குப் பின்னால் சருகு நொறுங்கியது. இன்னொரு சிறுத்தை என்றே நினைத்தாள். படக்கென்ற சத்தத்தோடு அவள் தலைக்குமேல் குடை விரிந்தது.

"குனியுங்க" என்றார் நாச்சிமுத்து. "நான் நிமிர்ந்து நிக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே மிருகம்னு நெனச்சுக்கட்டும்."

அவள் குனிந்தாள். மேலே குடை நடுங்கும் சத்தம் கேட்டது. வயிற்றிலிருந்து புட்டியை அவிழ்த்துத் திறந்து, சூடான உருண்டைகளை உப்புநீருக்குள் அமிழ்த்தி, நீர் வழிய வழிய மூடியைத் திருகினாள். நிமிர்ந்தபோது சிறுத்தை எழுந்து நின்றிருந்தது. வால் நுனி மட்டும் அசைந்தது. இருவரும் முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்தார்கள். மூடுபனி இடையில் வந்து அதை மறைத்தது. கண்ணுக்குத் தெரிந்த சிறுத்தையைவிடத் தெரியாத சிறுத்தை இன்னும் பயங்கரமாக இருந்தது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஜெசிந்தாவின் பற்கள் கிட்டின. மறுபடி புட்டியைக் கட்டியிருந்த வயிற்றில் கை வைத்தால் தோல் சில்லிட்டிருந்தது.

"ஓடுங்க அம்மிணி. ஓடினாத்தான் சூடு நிக்கும்."

ஓடினாள். வழுக்கி விழும்போதெல்லாம் வயிற்றைப் பொத்திக்கொண்டு முழங்கையில் விழுந்தாள். சோலையின் ஓரத்தில் சில மரங்களில் சிவப்பு பெயிண்டால் குறி போட்டிருந்தார்கள். "இங்கயும் ரோடு வருதாமுங்க" என்று மூச்சிரைக்கச் சொன்னார் நாச்சிமுத்து. நின்று பேச நேரமில்லை.

அன்று மாலை இக்பால் குழாய் வழியாக அந்தக் கரைசலைக் கோகிலாவின் வயிற்றுக்குள் இறக்கினார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஜெசிந்தா கூண்டை விட்டு அகலவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் கோகிலாவின் வயிறு வடிந்திருந்தது. கூண்டுத் தரையில் கரும்பச்சை உருண்டைகள் கிடந்தன. இக்பால் அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு வராந்தா முழுக்கக் காட்டிக்கொண்டு நடந்தார். குட்டியின் கடைவாயில் பால் நுரைத்திருந்தது.

பார்க்க வந்த நாச்சிமுத்து கூண்டருகே குந்தினார். "அதுங்க பயந்ததாலதான் இது பொழச்சுது. நாமளும் பயந்தோம், வேலையும் நடந்துது. பயத்தைத் தப்புன்னு சொல்ல முடியாதுங்க."

ஜெசிந்தா சிரித்தாள். அதே நேரம் வாசலில் வனத்துறை ஜீப் வந்து நின்றது. சாலையோரத் துண்டுக்காட்டிலிருந்து கோகிலாவின் கூட்டத்தைக் கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொன்றின் வயிறும் பறைபோல் உப்பியிருந்தது. இக்பால் யாரையும் பார்க்காமல் உப்புநீரைச் சூடுபண்ணப் போனார்.

ஜெசிந்தா கழுவி வைத்திருந்த புட்டியை எடுத்தாள். அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த மரத்தையெல்லாம் வெட்டுறதுக்கு முன்னாடி, என்கூட இன்னொரு தடவை ஈரக்குழிக்கு வாங்கண்ணே."