கிளட்ச் மேல் இரண்டு விரல்

காலை பத்து மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மெக்கானிக் பட்டறை விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, தங்கை அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியோடு வாசலில் நின்றாள்.

"நேத்தும் நின்னுடுச்சுண்ணே. அதே வளைவுல."

அவன் அவளை விட்டுவிட்டு வண்டியை முறைத்தான். பத்து நாளாக இந்தக் கழுத்தறுப்பு. அண்ணன் மெக்கானிக்காக இருந்தும், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புரோக்கரிடம் வாங்கிய வண்டி. பக்கத்துத் தெரு வீட்டிலிருந்து கிளம்பி நாலு கிலோமீட்டர், கல் சுவர் ஓரம் அந்த வளைவு வந்ததும் பொசுக்கென்று அணைந்துவிடும். பத்து நிமிஷம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவள் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மாதம் வேலையில்லாமல் கிடந்து, ஆஸ்பத்திரி வேலையில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். இரண்டு முறை லேட். மூன்றாவது முறை லேட்டானால் வரவே வேண்டாம் என்று பெரிய நர்ஸ் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு. இன்னைக்கும் லேட்டானா அவ்வளவுதான்."

"தெரியும். கத்தாதே."

"நான் எங்க கத்தினேன்? நீதான் கத்துற."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். நல்ல நிறம். இன்ஜினோடு ஒட்டி வைத்து உதைத்தால் நீலப்பொறி பளிச்சென்று அடித்தது. கார்ப்பரேட்டரைப் பிரித்து ஊதினான். தூசு துரும்பு இல்லை. டேங்க் மூடியில் காற்று போகிற ஓட்டை அடைத்திருக்கிறதா என்று ஊசி விட்டுப் பார்த்தான், அதுவும் திறந்தே இருந்தது. வாசலிலிருந்து மேஜை வரை வரிசையாக நின்ற ஏழு வண்டிகளும் அவன் மானம் போவதை வேடிக்கை பார்ப்பதாக அவனுக்குப் பட்டது.

"எண்ணெயாவது ஒழுங்கா ஊத்துனியா?"

"ஆயில் டேங்க் நிறைய இருக்குண்ணே. வாங்கினதுலேர்ந்து குறையவே இல்ல. அந்த விஷயத்துல நல்ல வண்டிதான்."

அந்தப் பதிலைக் காதில் வாங்கியிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். அவனுக்கு இருந்த எரிச்சலில் காது அடைத்துக்கிடந்தது.

அவள் தயங்கினாள். "இன்னொண்ணு. நிக்கிறதுக்கு முன்னாடி கிளட்ச் தானா உள்ள போகுது."

"லூசு மாதிரிப் பேசாதே. கேபிள் அறுந்தா லீவர் தொளதொளன்னு ஆகும். தானா இறுகாது."

"நீதானே சொல்லிக் குடுத்தே, டூ ஸ்ட்ரோக் ஓட்டினா கிளட்ச் மேல எப்பவும் ரெண்டு விரல் இருக்கணும், இன்ஜின் இறுகிச் சக்கரம் பூட்டினா டக்குனு பிடிக்கணும்னு? அப்படித்தான் வச்சிருக்கேன். என் விரலுக்கு மேல யாரோ பிடிக்கிறாங்க."

இடதுகையை நீட்டினாள். நடுவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் குறுக்கே சிவப்பாகப் பதிந்திருந்தது.

அவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தான்.

முதல் மூன்று கிலோமீட்டரும் வண்டி குழந்தை மாதிரி ஓடியது. அதுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. கெட்டுப்போனது கெட்டுப்போனதாகவே இருந்தால் என்ன? கல் சுவர் கண்ணில் பட்டபோது காற்றில் ஈரமண் வாசனை. அதற்கடியில் இன்னொரு வாசனை, காய்ந்த இரும்பு சுடுகிற வாசனை.

வளைவில் சாய்ந்தான்.

விரல்கள் குளிர்ந்தன.

இடதுகையின் இரண்டு விரல்களுக்கு மேல் வேறு இரண்டு விரல்கள் வந்து அமர்ந்தன. அவசரமே இல்லாமல் அவை லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து அழுத்தின. அடுத்த நொடியில் இன்ஜின் செத்தது.

சக்கரம் மட்டும் உருண்டது. வண்டி தானாக ஓரம் கட்டி, சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இன்ஜினைத் தொட்டவன் சுரீரென்று இழுத்துக்கொண்டான். இந்தத் தூரத்துக்கு இவ்வளவு சூடு இருக்கவே கூடாது. இன்னும் ஒரு நூறு அடி ஓடியிருந்தால் பிஸ்டன் அப்படியே கவ்விப் பிடித்து, பின்சக்கரம் பூட்டி, வண்டி சுவரில் போய் அடித்திருக்கும்.

அப்போதுதான் தங்கை சொன்னது அவன் காதில் விழுந்தது. ஆயில் குறையவே இல்லை.

டூ ஸ்ட்ரோக் வண்டி எண்ணெயைத் தின்றுகொண்டே ஓடுவது. அது குறையவில்லை என்றால், இன்ஜினுக்குச் சொட்டு எண்ணெய் கூடப் போகவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குத் திரும்பியதும் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு எண்ணெய் தள்ளுகிற பம்ப்பின் வாயில், காசு அளவுக்கு வட்டமாக வெட்டிய தகடு ஒன்று வைத்து அடைத்திருந்தது. துடைத்தான். நீலப் பூச்சு தெரிந்தது, அதில் பாதிப் பூ.

தங்கை எட்டிப் பார்த்தாள். "இது என் பவுடர் டப்பாதானேண்ணே?"

ஊரில் வேறு எந்த மெக்கானிக்கும் பவுடர் டப்பாவை வெட்டிப் பம்ப்பை அடைப்பதில்லை. பம்ப்பை நம்ப முடியாது, ஒருநாள் காலை வாரும் என்பது அவன் கட்சி. அடைத்துவிட்டு, "இனிமே இந்த ஆயில் டேங்க் சும்மா அழகுக்கு. பெட்ரோல்லயே எண்ணெயைக் கலந்து ஊத்துங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவான்.

ஒரே ஒருவரைத் தவிர.

"அப்ப இந்த வண்டி முன்னாடியே இங்க வந்திருக்கா?"

"எத்தனையோ வண்டி வருது." அவன் தகட்டை மறுபடியும் துடைத்தான்.

புரோக்கர் கையில் பெயிண்ட் மாறியிருந்தது. டேங்க், சீட் எல்லாம் மாறியிருந்தன. மூன்று வருஷத்துக்கு முன்னால் இது தபால்காரர் வண்டி. முதல்முதலாக டூ ஸ்ட்ரோக் வாங்கிய மனிதர். வண்டியை எடுக்க வந்த அன்று, "வேற ஏதாவது கவனிக்கணுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். இவனுக்குப் பசி, கையில் வேறு வேலை. "ஒண்ணும் இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்றான். மறுவாரம் கல் சுவரில் மோதிச் செத்தார். ரொம்ப வேகமாகப் போயிருப்பார் என்று நாலு பேர் பேசியபோது இவனும் கூட நின்று தலையாட்டினான். வண்டியைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன இருக்கும் என்று தெரியும், அதனால்தான் போகவில்லை.

தகட்டைப் பெயர்த்தான். பம்ப்பைக் கழுவி மாட்டினான். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கண்ணால் பார்த்தான். அப்படியும் மனசு கேட்காமல் பெட்ரோலிலும் கொஞ்சம் எண்ணெய் கலந்தான். ஒன்றரை மணிக்கு வண்டி வெள்ளையாகப் புகைவிட்டுக்கொண்டு கிளம்பியது.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று பின்னாலிருந்து கத்தினான்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

"நிக்கவே இல்லண்ணே! நேரத்துக்கு வந்துட்டேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. தங்கை பிழைத்தாள், அது போதும்.

"ஒண்ணுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள். "அந்த வளைவுல, பின்னால உக்காந்திருந்தவங்க இறங்கின மாதிரி வண்டி சட்டுனு லேசாச்சு."

"இறங்கிட்டாரா?"

"யாரு?"

அவன் போனை வைத்தான். வளைவிலிருந்து பட்டறைக்கு நாலு கிலோமீட்டர். நடந்து வந்தால் ஒரு மணி நேரம்.

மழை பிடித்துக்கொண்டது. கடையைப் பூட்டிவிட்டு ஓடலாம் என்று இரண்டு முறை எழுந்தான். எங்கே ஓடுவது? மேஜையோரம் வேலை பார்க்க உட்கார்ந்தான். இரண்டே முக்காலுக்கு மின்சாரம் போனது.

வாசல் பக்கம் 'க்ரீச்' என்றது.

கேபிள் இழுபடுகிற சத்தம். அவன் வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம்.

வாசலோரம் நின்ற முதல் வண்டியின் கிளட்ச் லீவர் மெல்ல உள்ளே போய்க் கைப்பிடியைத் தொட்டு நின்றது.

அப்புறம் இரண்டாவது வண்டி.

மூன்றாவது.

ஏதோ தேடுகிறவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவது போல, நிதானமாக. காய்ந்த இரும்பு வாசனை மேஜை வரை வந்தது. அவன் முழங்கையை உரசி நின்ற ஏழாவது வண்டியின் லீவரும் உள்ளே போனது.

"வேற ஏதாவது கவனிக்கணுமா?"

காதோரம் அதே மரியாதையான குரல்.

அவன் அழுதுகொண்டே சொன்னான். பம்ப்பை அடைத்ததைச் சொன்னான். பெட்ரோலில் எண்ணெய் கலக்கச் சொன்னான். இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்க வேண்டும் என்று சொன்னான். தலையாட்டியதைச் சொன்னான். ஒன்று விடாமல் சொல்லி முடித்தபோது மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மின்சாரம் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் கடையில் அவனைத் தவிர யாரும் இல்லை.

ஏழு லீவரும் அழுந்தியபடியே இருந்தன.

"வேற ஏதாவது கவனிக்கணுமா?"