கழிமுகத்துக் கட்டை

தண்ணீரில் நின்ற கட்டை சட்டை போட்டிருந்தது.

சகுந்தலா படத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து டிவியின் அருகே போனாள். நான்கு வருடமாக அது வெறும் கட்டை. ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல் சுவருக்கு அப்பால், கழிமுகத்தில் கடப்பாக்கத்து மீனவர்கள் படகு கட்ட நட்டுவைத்த ஏதோ ஒன்று என்று அவளாகவே முடிவுகட்டி வைத்திருந்தாள். கட்டைக்குக் காலர் எதற்கு? கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். காலர்தான். வெள்ளைச் சட்டையின் காலர்.

எல்லாம் இந்தப் புது டிவிடி பிளேயரால் வந்த வினை. கல்பாக்கம் குடியிருப்பின் மகளிர் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கு எந்தச் சாமானை மொத்தமாக வாங்குவதென்றாலும், முதலில் ஒன்றை மட்டும் வரவழைத்து ஒரு வீட்டில் கொடுத்து வைப்பார்கள். அந்த வீட்டுக்காரி சரி என்றால்தான் மற்றவர்கள் வாங்குவார்கள். பெரும்பாலும் அது சகுந்தலாவின் வீடாகவே இருக்கும். அவளை ஏமாற்ற முடியாது என்று பெயர். போன வருடம் வந்த மிக்ஸியை, இது அரைக்கவில்லை, அழுகிறது என்று திருப்பி அனுப்பியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான், இல்லாமல் என்ன.

அவளுடைய முறை எளிது. தினமும் அரைக்கிற சட்னியை அரைத்தால்தான் மிக்ஸியின் யோக்கியதை தெரியும். மனப்பாடமாகத் தெரிந்த படத்தைப் போட்டால்தான் பிளேயரின் யோக்கியதை தெரியும். விலை மலிவு, பழைய டிஸ்க்கைக்கூடப் பெரிய டிவிக்கு ஏற்ற மாதிரி துல்லியமாக்கிக் காட்டும் என்று கடைக்காரன் அடித்துச் சொன்னானாம். மதியச் சாப்பாடு முடிந்ததும், டிவியில் வெளிச்சம் படாமலிருக்கத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். தட்டு ஆட்டம் காணாமல் உள்ளே போயிற்று. கீறல் விழுந்த வாடகை டிஸ்க் திக்காமல் ஓடிற்று. பாட்டுப் பாட மைக் சொருக ஒரு ஓட்டை வேறு. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு, கடைசியாக வைஷாலியின் டிஸ்க்கைப் போட்டாள்.

வைஷாலி அவளுடைய தங்கை. கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, அக்கா வீட்டில் தங்கி ஒரு வருடம் போய்வந்துகொண்டிருந்தவள். காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது சகுந்தலாவின் கணவர் கோபாலகிருஷ்ணன். பாவம், சின்னப் பெண் தனியாக நிற்க வேண்டாம் என்று அவரை அனுப்பிவைத்ததே சகுந்தலாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகக் கோட்டைக்குப் போனார்கள். இளநீர் வாங்கி வருகிறேன் என்று அவர் ஊருக்குள் கிளம்பினார். சகுந்தலா வீடியோ கேமராவைச் சுவர்மேல் வைத்துவிட்டு, புளியோதரைத் தூக்கை எடுக்க காருக்குப் போனாள். கேமராவை நிறுத்த மறந்துவிட்டாள். கால் நனைத்துவிட்டு வருகிறேன் என்று போன வைஷாலி வரவில்லை. கூச்சல் கேட்டு ஓடியபோது, இடுப்பளவு தண்ணீரில் அவளைப் பிணமாகத் தூக்கிக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார். கூடப்பிறந்தவன் மாதிரி குதித்தார் என்று ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

அன்று கேமராவில் பதிந்ததுதான் இந்த டிஸ்க். முதலில் வைஷாலி சுவர்மேல் உட்கார்ந்து முகத்தைக் கோணிக் காட்டுவாள். பிறகு டேப் தீரும்வரை யாருமே இல்லாத ஒரு நீண்ட காட்சி: சுவர், காய்ந்த புல், தூரத்தில் தண்ணீர், தண்ணீரில் கட்டை, மைக்கை அறையும் காற்று. அந்தக் காட்சி ஓடும்போது எங்கேயோ பக்கத்தில் வைஷாலி உயிரோடு இருந்தாள் என்பதற்காகவே சகுந்தலா அதை ஒரு நொடி விடாமல் பார்ப்பாள். அவர் அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். போதும் சகு, அழாதே என்பார். இதே சோபாவில், இதே கட்டையைப் பார்த்துக்கொண்டு.

வெளியே ஐப்பசி மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்துகொண்டிருந்தது. சவுக்குத் தோப்புக்கு அப்பாலிருந்து கடலின் இரைச்சல் சுவர் வழியாகவே உள்ளே வருவதுபோல் கேட்டது. ஈரத் திரைச்சீலையின் புழுங்கல் வாடையோடு, சூடேறிய பிளேயரிலிருந்து புது பிளாஸ்டிக்கின் நெடியும் சேர்ந்து தொண்டையைக் கமறச் செய்தது. ரிமோட்டில் துல்லியத்தைக் கூட்டும் பொத்தான் இருந்தது. ஒரு படி கூட்டினாள். டிவி கறுத்து, பிளேயருக்குள் ஏதோ கிளிக்கென்று தட்டி, படம் திரும்ப வந்தது.

கட்டைக்கு முதுகு இருந்தது. குனிந்த முதுகு. உச்சந்தலையில் லேசாக முடி கொட்டிய வட்டம். தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிற தலையை அவளுக்குத் தெரியாதா? அதன் பக்கத்தில், இத்தனை நாள் பாசி என்று நினைத்தது பாசியாக இல்லை. பச்சைத் துப்பட்டா. அவளே தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது.

வாசலில் குடை உதறும் சத்தம் கேட்டது. பாத்திரம் தேய்க்க வரும் அம்சா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இருட்டுல குந்திகினு கீற?"

சகுந்தலா டிவியைக் காட்டி, அங்கே என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டாள். கட்டை என்று சொல்லிவிடு தாயே, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அம்சா முந்தானையில் கையைத் துடைத்தபடி நிதானமாகப் பார்த்தாள்.

"நம்ம சாரு தான? தண்ணில நின்னுகினு இன்னாத்தையோ அமுக்கிகினு கீறாரு. துணி அலசுறாரா?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் திறந்தது. பாத்திரங்கள் உருண்டன. அந்தச் சத்தம் முடியும்வரை சகுந்தலா அசையவில்லை. அம்சா கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் கடைசிப் படியையும் கூட்டினாள்.

துணி இல்லை.

தண்ணீருக்கு அடியில் முகம். வைஷாலியின் முகம். அதன்மேல் அவருடைய கை. விரலில் மோதிரம். சகுந்தலாவின் அப்பா போட்ட மோதிரம்.

அட பாவி. நான்கு வருடம் இந்தக் கையையா பிடித்துக்கொண்டு அழுதேன்?

அவர் ஆபீஸிலிருந்து வந்தபோது வீட்டில் விளக்கு போட்டிருக்கவில்லை. ரெயின்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, என்ன சகு, டெஸ்ட் முடிந்ததா என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு எங்க போயிருந்தீங்க?"

"இளநீர் வாங்க. எத்தனை தரம் சொல்லியிருக்கேன்?"

"அப்ப இது யாரு?"

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். டிஸ்க்கில் இருப்பது கொஞ்சம் புள்ளிகள்தான். பெரிய டிவிக்கு அது போதாது. நடுவில் இல்லாத புள்ளிகளை மெஷின் தானாகவே ஊகித்துப் போட்டு நிரப்பும். அது காட்டுவது நடந்ததை அல்ல, அது நினைத்துக்கொள்வதை. மலிவு மெஷின் வேறு. நீ எப்போதும் வைஷாலி நினைப்பாகவே இருப்பவள், அதுதான்.

நியாயமாகத்தான் இருந்தது. படித்த மனுஷன், தெரியாமலா சொல்வார்? சகுந்தலாவுக்கு நம்ப வேண்டும் போலிருந்தது. நம்பிவிட்டால் எழுந்து விளக்கைப் போட்டுக் காபி கலக்கலாம். இவரோடு இதே வீட்டில் மிச்ச வாழ்க்கையை ஓட்டிவிடலாம். மோதிரத்தையும் மெஷினா ஊகித்தது என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

"குடு, பழையபடி குறைச்சுக் காட்டறேன். கட்டைதான்னு நீயே சொல்லுவ," என்று ரிமோட்டை வாங்கி அழுத்தினார்.

டிவி கறுத்தது. கிளிக்.

படம் மங்கலாக வந்தது. சுவர் மங்கல். புல் மங்கல். தண்ணீர் வெறும் சாம்பல் பூச்சு. கட்டை இருந்தது. வெறும் கட்டை.

ஆனால் சுவர்மேல் வைஷாலி உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் காட்சியில் அங்கே யாரும் கிடையாது. ஒரு நாளும் கிடையாது. மங்கலான படத்தில் அவள் மட்டும் தெளிவாக இருந்தாள். இமை மயிரில் நின்ற சொட்டு தெரிந்தது. கூந்தலில் சிக்கிய சிப்பித் தூள் தெரிந்தது. உதடு நீலம். கேமராவைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி, சோபாவின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை. முகமெல்லாம் சிரிப்பு.

சகுந்தலா மெல்லத் திரும்பினாள். அவர் பயந்து அலறுவார் என்று நினைத்தாள். அவர் அலறவில்லை. சலித்துக்கொள்கிற, கொஞ்சுகிற மாதிரி தலையை ஆட்டினார்.

"அக்கா இருக்கா. அவ எதிர்ல வர வேணாம்னு சொல்லியிருக்கேன்ல டி."

டி. கல்யாணமான நாளிலிருந்து சகுந்தலாவை அவர் அப்படி ஒரு முறைகூட அழைத்ததில்லை. அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

திரையில் வைஷாலி, ஐயோ மறந்துவிட்டேன் என்பதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிறவளாக, சுவரிலிருந்து இறங்கினாள். புல்லில் நடந்தாள். தண்ணீரில் இறங்கினாள். கட்டை நிமிர்ந்தது. அதற்குக் கைகள் விரிந்தன.

"வைஷு." சகுந்தலாவுக்குக் காற்றுதான் வந்தது. "வைஷு, வேணாம்டி. இங்க பாரு. அக்காவைப் பாரு."

வெள்ளைச் சட்டையின் கை உயர்ந்து வைஷாலியின் உச்சியில் படிந்தது. அவளே தலையைக் குனிந்து கொடுத்தாள். பக்கத்தில் அவர் நீளமாக மூச்சு விட்டார். தண்ணீர் நெற்றிக்கு வந்தது. கூந்தல் விரிந்தது. பச்சைத் துப்பட்டா மட்டும் மேலே நின்றது.

கடைசிவரை அவள் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.