ஏழாம் கட்டில் மணி

மத்தியானம் இரண்டு மணிக்கு, பையும் கையுமாக வார்டுக்குள் நுழைந்தார் கம்ப்யூட்டர்காரர். அந்த வார்டில் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றுதான். அதில் வேலை செய்யும் மேசைகள் நான்கு. எந்தத் திரை, எந்த கீபோர்டு, எந்தக் கட்டிலின் அழைப்பு மணி எந்த மேசையோடு சேரும் என்று பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு.

போன வாரம் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஏழாம் கட்டில் மணியை நர்ஸின் மேசையோடு சேர்க்காமல் நான்காம் மேசையோடு சேர்த்துத் தொலைத்தார். நான்காம் மேசை, வராந்தாக் கோடியில் பூட்டிக் கிடக்கும் ஸ்டோர் ரூமில் இருந்தது.

அன்று ராத்திரியே ஏழாம் கட்டில் பெரியவர் பொத்தானை அழுத்தி அழுத்தியே போய்ச் சேர்ந்தார். நர்ஸ் தூங்கிவிட்டாள் என்று பழி. நாளைக்கு விசாரணை, அவள் வேலை போவது நிச்சயம்.

மனுஷன் வாயைத் திறந்தாரா? இல்லை. ஓசைப்படாமல் தப்பைத் திருத்திவிட்டு நழுவத்தான் இப்போது வந்திருந்தார்.

கம்ப்யூட்டரில் மணியை நர்ஸின் மேசைக்கு மாற்றினார். எது எந்த மேசைக்கு என்ற பட்டியலைத் திறந்து பார்த்தார். நான்காம் மேசை என்றே இருந்தது.

"சே! என்ன எழவு இது?"

மறுபடி மாற்றினார். மறுபடி நான்கு.

வராந்தாக் கோடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால், மெல்லிசாக மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தார். ஏழாம் கட்டில் காலி. மெத்தையைக்கூட எடுத்துவிட்டார்கள். வயரில் பொத்தான் மட்டும் தொங்கியது. பினாயில் வாடை குப்பென்று அடித்தது.

பொத்தான் உள்ளே அமுங்கியது.

வெளியே வந்தது.

மறுபடி அமுங்கியது.

அவர் பாய்ந்து போய் வயரைப் பிடுங்கிப் போட்டார். மணியைப் பட்டியலிலிருந்தே அழித்துவிட்டு, திரும்பிப் பாராமல் வீடு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் நர்ஸ் போன் செய்தாள்.

"அண்ணே, நான் கண்ணே மூடலண்ணே. சத்தியமா மணிச் சத்தம் கேக்கல. நீங்களாவது நம்புறீங்களா?"

உண்மை தொண்டை வரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"நம்புறேம்மா."

சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

"அண்ணே, உங்க வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலையா?"

"இல்லையே. ஏம்மா?"

"அங்க மணி அடிக்குதே..."

மேசைமேல் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் தானாக விழித்திருந்தது. திரையில் பட்டியல். கீபோர்டு, மவுஸ். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: ஏழாம் கட்டில் மணி.

"போய்ப் பாருங்கண்ணே," என்றாள் நர்ஸ். "பாவம், யாரோ ரொம்ப நேரமாக் கூப்பிடுறாங்க."