காரணம் சேர்ப்பவர்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் வாயில் மிச்சமிருக்கும் கடைவாய்ப் பற்கள் மேல் ஆணை. இருப்பதே சொற்பம், அவற்றைப் பணயம் வைக்க எனக்கென்ன பைத்தியமா? ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, அசல் என்று தெரிந்த பிறகே உள்ளே சேர்த்திருக்கிறேன்.

பேய் என்றால் நடுநிசி, நரி ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது ஞாயிற்றுக்கிழமை மதியம், உண்ட மயக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் வந்தது.

தையல் மெஷின் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. அதற்கு ஒரு மரப்படி. பூனை ஏறினாலும் கிறீச்சிட்டுக் காட்டிக் கொடுத்துவிடும் படி அது. எதையாவது சேர்த்து வைக்கும் கிறுக்குப் பிடித்தவர்கள் ஞாயிறுதோறும் அங்கே கூடுவார்கள். தான் சேர்த்ததைக் காட்டுவது பாதி வேலை. அடுத்தவர் சேர்த்ததை மட்டம் தட்டுவது மீதி வேலை.

செங்கல் சார் என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பழைய செங்கல் சேர்ப்பார். பைக்காரர் என்பவர் முடிதிருத்துகிறவர். விமானத்தில் வாந்தி எடுக்கக் கொடுப்பார்களே காகிதப் பை, அதைச் சேர்ப்பார். இத்தனைக்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பைகளெல்லாம் வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து தந்தவை. பிறகு ஒரு தம்பதி. புருஷன் சாவியில்லாத பூட்டு சேர்ப்பார், மனைவி பூட்டில்லாத சாவி சேர்ப்பாள். ஒருநாள்கூட ஒன்றை இன்னொன்றில் போட்டுப் பார்த்ததில்லை.

மணியக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அழைப்பு மணிகளால். இடித்த வீடுகளின் கதவும் ஜன்னலும் வாங்கி விற்கும் கடை அவளுடையது. ஆணி பிடுங்கிப் பிடுங்கி உள்ளங்கை உப்புத்தாளாகக் காய்த்திருந்தது. மாமரத்தைத் தேக்கு என்று கண் இமைக்காமல் சத்தியம் செய்து விற்பாள். ஆனால் கதவோடு வரும் பெல்லை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்கமாட்டாள். வீட்டுக் கூடத்தில் பலகை அடித்து, வயர் அறுந்த பெல்களை வரிசையாக மாட்டியிருந்தாள்.

அன்றைக்கு செங்கல் சாரும் பைக்காரரும் வழக்கம்போல் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாந்திப் பையெல்லாம் ஒரு சேகரிப்பாய்யா?"

"உங்க செங்கல்லுக்கு அது தேவல சார். தூக்கிப் போட்டா கால் உடையாது."

அப்போது அந்துருண்டை வாசனை வந்தது. பல காலம் திறக்காத பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை.

வாசலில் ஒருவர் நின்றார். படி கிறீச்சிடவில்லை.

வெளுத்த சட்டை, வழித்துச் சீவிய தலை, கையில் துருவேறிய வட்டப் பிஸ்கட் டப்பா. பார்த்தவுடன் மறந்துபோகிற மாதிரி முகம்.

"வாங்க, உக்காருங்க. நீங்க என்ன சேக்குறீங்க?" என்றார் செங்கல் சார்.

"காரணம்."

"என்னது?"

"நீங்க பொருள சேக்குறீங்க. அதை ஏன் சேக்குறீங்களோ, அதை நான் சேக்குறேன்."

"காலி டப்பான்னு நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் பைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர் சிரிக்கவில்லை. டப்பாவை செங்கல் சாரின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார்.

செங்கல் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன்னை ஒருவர் கேள்வி கேட்டு வெகுகாலமாயிற்றே என்ற சந்தோஷம் அவருக்கு. "எங்கப்பா சூளையில வேலை பாத்தாரு. அவரு போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. சுடாத பச்சைக் கல்லைத் தூக்கும்போது விரல் பதியும்ல? அவரு விரல் பதிஞ்ச கல்லு ஏதோ ஒரு சுவத்துல இருக்கும். அதான்."

மூடி விழுந்தது. டக்.

பைக்காரர் சும்மா இருப்பாரா? "பறக்குறவனுக்கும் குமட்டுதுன்னு தெரிஞ்சா ஒரு நிம்மதிங்க. வேற ஒண்ணுமில்ல."

டக்.

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சொன்னாள்: "போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்ல? தெரியாம இருக்குற வரைக்கும் எங்களுக்குள்ள பேச ஏதோ இருக்கு."

டக்.

வந்தவர் டப்பாவைக் காதருகே வைத்துக் கேட்டார், கடிகாரம் ஓடுகிறதா என்று பார்ப்பது போல. "அடுத்த வாரம் உங்களோடது," என்று மணியக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். படி அப்போதும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மணியக்கா படியேறியபோது மேலே சத்தமே இல்லை. சண்டை இல்லாத அந்த அறை அவளுக்குப் புதிது.

"சார், கல்லு எதுவும் கொண்டு வரலயா?"

"பக்கத்து வீட்டுக்காரன் கக்கூஸ் கட்டுறான். எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

"ஐயோ! உங்கப்பா விரல்..."

"அப்பாவா?" செங்கல் சார் நெற்றியைத் தேய்த்தார். "யாரோ ஒருத்தர் சூளையில வேலை பாத்தாராம்மா. எனக்குச் சரியா ஞாபகமில்ல."

பைக்காரர் பைகளைக் கிழித்து விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். பூட்டுக்காரரும் சாவிக்காரியும் அறையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வியாழக்கிழமை போட்டுப் பார்த்துவிட்டார்களாம். எல்லாம் திறந்துகொண்டதாம். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்துருண்டை வாசனை வந்தது.

வந்தவர் மணியக்காவுக்கும் கதவுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

டப்பா அவள் மடிக்கு அருகே வந்தது. உள்ளேயிருந்து, சுவருக்கு அப்பால் பேசுவது போல, செங்கல் சாரின் குரல் கேட்டது. *அவரு விரல் பதிஞ்ச கல்லு... அவரு விரல் பதிஞ்ச கல்லு...*

செங்கல் சாரோ எதிரில் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க," என்றார் வந்தவர்.

"நான் வரேன். கடையில ஆள் காத்திருக்கு."

"சொல்லிட்டுப் போ," என்றார் பைக்காரர். "நாங்க மட்டும் வெறும் பயலா உக்காந்திருக்கணுமா? உனக்கென்ன தனி மவுசு?"

"சொல்லு, சொல்லு," என்றாள் சாவிக்காரி. அக்கறையே இல்லாத குரல்.

மணியக்காவின் காரணம் இது. அவளுக்கு ஒரு தம்பி. கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். ஊரிலிருந்த காலத்தில் இரவு தாமதமாக வந்தால் குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று என்று பெல் அடிப்பான். அப்படி அடித்தால் அப்பாவை எழுப்பாமல் அக்கா வந்து திறக்க வேண்டும். உலகத்தில் அந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடு. பிறகு கப்பலைப் பற்றிய தகவல் நின்றுபோயிற்று. அவள் டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். பெல் எந்த மூட்டையில் எந்தக் கடைக்குப் போயிற்றோ தெரியாது. தம்பி திரும்பி வந்தால் அவனுக்குத் தெரிந்த பெல் அது ஒன்றுதான். ஊரிலுள்ள பழைய பெல்லெல்லாம் தன்னிடம் இருந்தால் அவனுடையதும் அதில் இருந்தாக வேண்டும். கிறுக்குக் கணக்குதான். ஆனால் அவள் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருந்தாள்.

அதைச் சொன்னால் தம்பி போய்விடுவான். யாரோ ஒருத்தன் கப்பலில் சமைத்தானாம் என்று நெற்றியைத் தேய்ப்பாள்.

மூடி திறந்தது. உள்ளே இருட்டு, டப்பாவின் ஆழத்தைவிட அதிகமாக இருந்தது.

மணியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமரத்தைத் தேக்கு ஆக்கும் முகம் அவளுக்கு வந்தது.

"எல்லாம் எங்க மாமியாருக்காகத்தான். அவங்க எந்த வீட்டுக்குப் போனாலும் பெல்லு இருக்கக் கூடாது. கத்திக் கத்தித் தொண்டை கட்டி வாசல்லயே நிக்கணும். அதுக்குத்தான் ஊர்ல இருக்குற பெல்லையெல்லாம் கழட்டிட்டு வரேன். சத்தியமா."

டக்.

சேகரிப்பவன் செய்யக் கூடாத தவறை அவர் செய்துவிட்டார். ஆசையில், சோதித்துப் பார்க்காமல் உள்ளே போட்டுவிட்டார்.

டப்பாவைக் காதில் வைத்தார். உள்ளே ஏதோ கிக்கிக்கென்று சிரித்தது. மற்ற குரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உளறின. அவர் முகத்தில் முதல்முறையாக ஓர் உணர்ச்சி வந்தது.

"போலி," என்றார்.

செங்கல் சார் வெடித்துச் சிரித்தார். காரணம் போனாலும் குணம் போகுமா? இன்னொரு சேகரிப்பாளன் ஏமாந்தான் என்றால் செத்தவனுக்கும் சிரிப்பு வரும். பைக்காரர் தொடையைத் தட்டினார். மூலைக்கொருவராக இருந்த தம்பதிகூட ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

போலியை வெளியே எறிய அவர் மூடியைத் திறந்தார். அடைபட்டவை அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி வெளியே பாய்ந்தன. ஜன்னல் அடித்துக்கொண்டது.

அவசரத்தில் அவை ஆள் மாறி இறங்கியதுதான் வேடிக்கை. அன்றிலிருந்து செங்கல் சார் வாந்திப் பையைத் தடவிப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார். பைக்காரர் சூளையில் வேலை பார்த்த தகப்பனை நினைத்துச் செங்கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அவருடைய சொந்தத் தகப்பன் கல்லுக்குண்டு போல வீட்டில் உட்கார்ந்து, பேப்பர் ஏன் இன்னும் வரவில்லை என்று கத்துகிறார். தம்பதிக்கு மட்டும் நஷ்டமில்லை. இருவருக்கும் ஒரே காரணம்தானே. யாருடையது யாருக்குப் போனால் என்ன?

வந்தவர் காலி டப்பாவோடு எழுந்தார். மணியக்காவின் காதருகே குனிந்தார்.

"அசல் உங்ககிட்டதான் இருக்கு. வாங்காம விடமாட்டேன்."

படி கிறீச்சிடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவள் வீட்டைவிட்டு நகரவில்லை. புருஷன் கூடத்தில் பாயை விரித்துப் படுத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

சுவர்ப் பலகையில், வயர் அறுந்த பெல் ஒன்று அடித்தது.

குட்டையாக இரண்டு.

நீளமாக ஒன்று.

மணியக்கா ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். பாதி இழுத்தும்விட்டாள்.

கதவிடுக்கில் அந்துருண்டை வாசனை வந்தது.

"யாருடி அது? பெல்லு அடிக்குதுல்ல, திற," என்றார் புருஷன்.

அவள் தாழ்ப்பாளை மறுபடி தள்ளிவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"ஏன் திறக்கமாட்டேங்குற? என்ன காரணம்? சொல்லேன்!"

கதவுக்கு வெளியே மூச்சு நின்றது. அதுவும் கேட்கக் காத்திருந்தது.

"உங்கம்மா வந்திருக்காங்க," என்றாள் மணியக்கா.

புருஷன் சத்தமில்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு கதவுப் பலகையோடு உதட்டை ஒட்டிக்கொண்டு பேசுவது போல ஒரு குரல். உப்புக் காற்றில் கரகரத்திருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்த குரல்.

"அக்கா... நான்தான். ஏன்க்கா இத்தனை பெல்லு சேத்து வெச்சிருக்க?"

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் இருந்தது தம்பியா, டப்பாவா? திறந்தால்தான் தெரியும். திறக்கவில்லை. இப்போதும் ஞாயிறு மதியம் ஆனால் அந்தப் பெல் அடிக்கிறது. அவள் கதவில் முதுகை வைத்து, வாயைப் பொத்தி உட்கார்ந்து கேட்கிறாள். பெல்லைக் கழற்றி எறியவும் மனம் வரவில்லை.

அவ்வளவுதான் கதை. ஒன்றே ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தம்பி, கப்பல், குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை மணியக்கா இந்த நிமிடம்வரை ஓர் உயிரிடமும் சொன்னதில்லை.