தம்பிக்கு ஒரு ஈக்வலைசர்

ஜன்னல் திரை வழியாக வந்த மதிய வெயில், அறை முழுக்க மஞ்சளாக மிதந்துகொண்டிருந்தது. தூங்குவதற்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு மதியம். எல்லோருக்கும் கண் சொக்கியது, தம்பியைத் தவிர.

தம்பி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தக் கிலுகிலுப்பையை எடு" என்றார் அப்பா. ஒன்பது வயது மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். தம்பி பிறந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

தம்பி கிலுகிலுப்பையைத் தூக்கி எறிந்தான். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

அம்மா பஸ் ஓட்டுபவர். தம்பி பிறந்த பிறகு இன்றுதான் மறுபடியும் வேலைக்குப் போயிருக்கிறார். காலையில் சீருடை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

போன் அடித்தது.

"இன்னும் தூங்கலையா அவன்?" அம்மாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "அடுத்த டிரிப்புக்கு வேற ஆளைப் போடச் சொல்லிட்டு நான் வந்துடட்டுமா?"

அக்கா போனைப் பிடுங்கினாள். "வேண்டாம்மா! நீ பஸ்ஸை ஓட்டு. இவனை நாங்க பாத்துக்கறோம்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாது.

அப்பா வீட்டிலிருந்தே கணினியில் கட்டட வரைபடம் போடுபவர். அந்தக் கணினியில் அம்மா ஒரு தாலாட்டைப் பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார். அதைப் போட்டதும் தம்பி அழுகையை நிறுத்தினான். ஸ்பீக்கரைப் பார்த்தான். அங்கே அம்மாவைக் காணவில்லை. அவ்வளவுதான், முன்னைவிடப் பலமாக அழ ஆரம்பித்தான்.

"சவுண்டு சரியில்ல, அதான்" என்றார் அப்பா. "வேற ஈக்வலைசர் போட்டுப் பாப்போம்."

ஈக்வலைசர் என்பது ஒரு பாட்டில் உள்ள கனத்த ஒலிகளையும் மெல்லிய ஒலிகளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது. பாட்டு கேட்கும் மென்பொருளோடு இணைத்துக்கொள்ள விதவிதமாகக் கிடைக்கும். அப்பா ஆசை ஆசையாக இறக்கினார்.

முதலில் 'பெரிய அரங்கம்'.

"அம்மா மேடையில மைக் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்குப்பா."

அடுத்து 'பளிங்குத் தெளிவு'. அம்மா மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தம்பி வீறிட்டான். 'பழைய ரேடியோ'வில் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசிப்பது போலிருந்தது. அதற்கு அக்காவே அழுதிருப்பாள்.

அப்பா களைத்துப்போய், தம்பியைத் தோளில் போட்டபடி முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா அவர் முதுகில் கன்னத்தை வைத்துச் சாய்ந்தாள். கண் தானாக மூடியது.

"உப்பு வாங்கணும்... சோப்பு வாங்கணும்..." அப்பா தனக்குத்தானே முணுமுணுத்தார்.

அக்கா சட்டென்று கண்ணைத் திறந்தாள். முதுகுக்குள்ளிருந்து வந்த குரலில் உப்பும் புரியவில்லை, சோப்பும் புரியவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ முனகுவது போல இதமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"நிறுத்தாதீங்கப்பா, பேசுங்க!"

"என்னத்தைப் பேச?"

"சோப்பைப் பத்தியே பேசுங்க!"

பாவம், சோப்பைப் பற்றி ஒரு மனிதர் எவ்வளவுதான் பேச முடியும்? நுரை வரைக்கும் வந்து மாட்டிக்கொண்டார். அதற்குள் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அம்மா பாடும்போது தம்பி எங்கே இருப்பான்? அம்மாவின் நெஞ்சில் காதை அழுத்திப் படுத்திருப்பான்!

ஈக்வலைசர்களின் வரிசையில் கடைசியாக, பகட்டே இல்லாத ஒன்று இருந்தது. ஏற்றி இறக்கச் சில பொத்தான்கள், அவ்வளவுதான். வலப்பக்கம் மெல்லிய ஒலிகள். அவற்றையெல்லாம் கீழே இழுத்தாள். இடப்பக்கம் கனத்த ஒலிகள். அவற்றைக் கொஞ்சம் ஏற்றினாள். ஓடிப்போய் அப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். வந்து இன்னும் கொஞ்சம் இறக்கினாள். பாட்டின் சொற்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கடைசியில் முனகல் மட்டும் அறைக்குள் மெல்ல மெல்லப் பரவியது.

"ஐயையோ, நல்ல பாட்டைக் கெடுத்துட்டியே!"

"உஷ்!"

தம்பி விக்கினான். தலையைத் தூக்கிக் கேட்டான். பிறகு அப்பாவின் தோளில் மெதுவாகச் சாய்ந்து, பெரிய மனிதன் போல ஒரு பெருமூச்சு விட்டான். அவன் கை தளர்ந்தது. இமை மூடியது. அவனைத் தொட்டிலில் போட்ட அப்பா, அப்படியே பக்கத்தில் தரையில் படுத்துக் குறட்டை விட்டார்.

சாயங்காலம் அம்மா பூனை போல உள்ளே வந்தார்.

"கடைசி டிரிப் வரைக்கும் நானே ஓட்டிட்டேன்டி!" என்று கிசுகிசுத்தார். தொட்டிலைப் பார்த்தார். கண் கலங்கியது. அப்புறம்தான் பாட்டு காதில் விழுந்தது.

"இது யாரு பாடறது?"

"நீதாம்மா."

"நானா? ஒரு வார்த்தைகூடப் புரியல. என் குரல் இப்படியா இருக்கு? நான் கேட்டதே இல்லையே!"

"உனக்கு எப்படிம்மா கேக்கும்?" அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு காதை அழுத்தினாள். "உன் மேல சாஞ்சுக்கறவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."